ஒரு காக்கா எவ்வளவு வேகமாகப் பறக்கும்?

"ஒரு காக்கா மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்துல பறக்கும் சார்?" என்று நான் கேட்டதும் போக்குவரத்துக் கழக விசாரணை அதிகாரி பேனாவை மேசைமேல் போட்டுவிட்டுச் சிரித்தார். குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த குமாஸ்தாவும் சிரித்தார். அதிகாரி சிரித்தால் தானும் சிரித்துவைக்கிற ரகம் அவர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏனென்றால் பக்கத்து நாற்காலியில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார், சலவை செய்த சீருடையில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு. பதினாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். அன்று மதியத்துக்குள் அவர் வேலையும் லைசென்ஸும் இருக்குமா போகுமா என்பது தெரிந்துவிடும்.

நடந்தது இதுதான். ஒன்பது வாரத்துக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில், முதல் டிரிப்பில் அண்ணன் ஒருவரை இடித்துவிட்டார். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். உயிர் பிழைத்தார். ஆனால் இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது, தலையில் அடிபட்டதால் அன்றைக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. "திடீர்னு முன்னால வந்து குதிச்சார் சார், பிரேக்ல கால் வைக்கறதுக்குள்ள..." என்று அண்ணன் முதல் நாளிலிருந்து ஒரே வார்த்தையைத்தான் சொன்னார். பஸ்ஸில் வேகமானி செத்து வருஷம் ஆகிறது. தெருவில் வேறு ஆள் இல்லை. சாட்சி என்று இருந்தது எதிரே இருந்த டயர் கடையின் கேமரா ஒன்றுதான்.

அந்த வீடியோதான் எங்கள் தலையில் கல்லைப் போட்டது. இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை பஸ் எத்தனை நொடியில் கடந்தது என்று பார்த்து, மணிக்கு அறுபத்தேழு கிலோமீட்டர் என்று குற்றப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அந்தத் தெருவில் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. "நான் முப்பத்தஞ்சைத் தாண்டவே இல்ல பாப்பா" என்றார் அண்ணன். எனக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அவரை நம்பினேன். நம்பி என்ன பிரயோஜனம்? வீடியோவை நாற்பது தடவை பார்த்திருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு எரிச்சலோடு சொன்னாள்: "உங்கண்ணனையே எல்லாரும் பிடிச்சுக்கறாங்க. அந்தக் காக்காயப் பாரு, பஸ்ஸையே ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது. அதுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பச் சொல்லு."

பார்த்தேன். பஸ்ஸின் கூரைக்குச் சற்று மேலே, அதே திசையில், நிஜமாகவே ஒரு காக்கா. பஸ் முதல் கம்பத்திலிருந்து இரண்டாவது கம்பத்துக்குப் போக 1.6 நொடி. காக்காவுக்கு 1.4 நொடி. அப்படியானால் காக்கா மணிக்கு எழுபத்தேழு கிலோமீட்டர்! எந்த ஊர்க் காக்கா அப்படிப் பறக்கும்?

இங்கே என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சட்டை தைக்கும் ஆலையில் நேரம் அளப்பது என் வேலை. ஒரு காலர் வைக்க எத்தனை நொடி, ஒரு பொத்தான் தைக்க எத்தனை நொடி என்று வீடியோ எடுத்து, படம் படமாக நகர்த்தி எண்ணிக் கணக்குப் போட வேண்டும். தையல்காரப் பெண்கள் எனக்கு வைத்த பெயர் 'செகண்டு அக்கா'. அது பாசத்தில் வைத்த பெயரில்லை. என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: கையை அளக்கிறபோது கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

மறுநாள் காலையிலேயே மொட்டை மாடி ஏறிவிட்டேன். மூன்று காலை, அறுபத்திரண்டு காக்கா. செல்போனில் எடுத்து, ஒவ்வொன்றும் நொடிக்கு எத்தனை தடவை இறக்கை அடிக்கிறது என்று எண்ணினேன். எதிர்வீட்டுக்காரர் அண்ணியைக் கூப்பிட்டு, "உங்க நாத்தனாருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டாராம். அண்ணி, "கணக்குப் போடறா" என்றாளாம். அவர் அதற்கும் மேலே பயந்துபோயிருப்பார்.

அந்த அறையில் இதையெல்லாம்தான் சொல்லத் தொடங்கினேன்.

"சராசரியா நொடிக்கு நாலரை தடவை, கொஞ்சம் கூட. இந்த வீடியோவுல இருக்கற காக்கா 1.4 நொடியில பதிமூணு தடவை அடிக்குது. அதாவது நொடிக்கு ஒன்பதைத் தாண்டுது."

"அவசரமாப் போற காக்காவா இருந்தா?" என்றார் அதிகாரி. குமாஸ்தா மறுபடியும் சிரித்தார்.

"அவசரமாப் போற காக்காவையும் எடுத்திருக்கேன் சார். கல்லை விட்டெறிஞ்சு துரத்திட்டு எடுத்தேன். உயிருக்குப் பயந்து பறக்கறதுகூட ஆறைத் தாண்டல."

குமாஸ்தா வாயை மூடிக்கொண்டார்.

"காக்கா வேகமாப் போகல சார். வீடியோதான் வேகமா ஓடுது. டயர் கடைக்காரர் இடம் மிச்சம் பிடிக்க, கேமராவை நொடிக்குப் பன்னிரண்டு படம்னு வெச்சிருந்திருப்பார். காப்பி எடுத்தவங்க இருபத்துநாலு படமா ஓட்டிட்டாங்க. அந்த மெஷினை அவர் பழைய சாமானோட போட்டுட்டார், அதனால நேரா நிரூபிக்க வழியில்ல. தேதி, மணி காட்டற எழுத்தும் காப்பியில வரல. காக்கா ஒண்ணுதான் கடிகாரம்."

கம்பங்களுக்கு நடுவே முப்பது மீட்டர் என்பதையும் சொன்னேன். என் தையல் டேப்பை இருபது தடவை தரையில் போட்டு அளந்தது. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நேரத்தை இரண்டால் பெருக்கினால் காக்கா மணிக்கு முப்பத்தெட்டரை கிலோமீட்டர். ஒழுங்கான காக்கா. பஸ் மணிக்கு முப்பத்துநாலுக்கும் கீழே.

அதிகாரி காகிதத்தை வாங்கித் தானே ஒரு தடவை பெருக்கி வகுத்துப் பார்த்தார். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"குற்றப் பத்திரிகையில இருக்கறது அதிவேகம்கற ஒரு குற்றம்தான். அது நிக்காது போலிருக்கே" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஒன்பது வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்துக்குக் களை திரும்பியது. எனக்கு அப்படியே எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தீர்களே, இப்போது சிரியுங்களேன் என்று குமாஸ்தாவை ஒரு முறை முறைத்தேன்.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த பெண் வாய் திறந்தார். அடிபட்டவரின் மனைவி. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, மடியில் சாப்பாட்டுக் கூடையை வைத்துக்கொண்டிருந்தார். இங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்.

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியலம்மா. வீடியோ தப்பான வேகத்துல ஓடுதுங்கறீங்க. அப்போ சரியான வேகத்துல ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன். நான் இன்னும் ஒழுங்கா பாக்கவே இல்ல. பாக்கத் தைரியம் வரல."

"அதுக்கென்ன, இதோ" என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். பாதி வேகம் என்ற இடத்துக்குப் போன விரல் அங்கேயே நின்றுவிட்டது.

கடவுளே. நான் பஸ்ஸை மட்டும்தான் மெதுவாக்கியிருந்தேன்.

அந்த மனிதர் நடைபாதையிலிருந்து காலை எடுத்து வைத்ததிலிருந்து இடிபடுவது வரை, வேகமாக ஓடிய வீடியோவில், 1.7 நொடி. ஆள் விருட்டென்று பாய்கிற மாதிரித்தான் தெரியும். அதனால்தான் அண்ணன் சொன்ன 'குதிச்சார்' என்பதை யாருமே சந்தேகப்படவில்லை. இப்போது அது 3.4 நொடி. அவர் காலை எடுத்து வைக்கும்போது பஸ் முப்பத்திரண்டு மீட்டர் தள்ளி வந்துகொண்டிருக்கிறது. முப்பத்துநாலு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பஸ்ஸை இருபது மீட்டருக்குள் நிறுத்திவிடலாம். கணக்கு தானாகவே மண்டைக்குள் ஓடி முடிந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அறுபத்தேழில் வந்திருந்தால் எந்த டிரைவராலும் நிறுத்தியிருக்க முடியாது. என் கணக்குச் சொன்ன வேகத்தில் வந்தவர் நிறுத்தியிருக்கலாம்.

"அது வந்தும்மா... இந்த லேப்டாப்புல அப்படி ஓடுமான்னு தெரியல" என்றேன். வெட்கக்கேடு. அறுபத்திரண்டு காக்காவை எண்ணியவள் ஒரு பட்டனை அமுக்கப் பயந்து பொய் சொல்கிறேன்.

அந்தப் பெண் தலையாட்டினார். அதிகாரி மணியைப் பார்த்தார். ஃபைலை மூடக் கையை நீட்டிவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் நான் சும்மா இருந்தால் போதும்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்தே நான் பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"ஏன் பாப்பா கை நிக்குது?"

"ஒண்ணுமில்லண்ணா."

"போடு."

"வேணாம்ண்ணா. சொன்னாக் கேளு."

"என்ன இருக்கு அதுல? எனக்கும் தெரியணும், போடு."

போட்டேன்.

சாம்பல் நிறத் தெரு. காக்கா நிதானமாகப் பறந்து போனது. நடைபாதையில் ஒரு மனிதர் நிற்கிறார். பஸ் வருவதைத் திரும்பிப் பார்க்கிறார். வலது கையை உயர்த்தி, டிரைவரைப் பார்த்துக் காட்டிவிட்டு, இறங்கி நடக்கிறார். ஓடவில்லை, குதிக்கவில்லை. வேலைக்குப் போகிறவர் நடக்கிற நடை. கை இன்னும் இறங்கவில்லை. பஸ் வேகத்தைக் குறைக்கவே இல்லை. இடிப்பதற்கு முன்பே வீடியோவை நிறுத்திவிட்டேன்.

"ஓடலயே" என்றார் அந்தப் பெண். "கையைக் காட்டிட்டுத்தானே நடந்திருக்கார்." "நான் அவரைத் திட்டித் தீர்த்துட்டேனே. ஒன்பது வாரமா, படுக்கையில கிடக்கற மனுஷனை, எதுக்குக் குறுக்க ஓடினே, எங்களை நடுத்தெருவுல விடவான்னு. அன்னிக்கு நடந்தது நெனவில்லாத மனுஷன், அவரும் ஆமா, என் தப்புதான், மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டிருக்கார்."

அண்ணன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு அவர் திடீர்னு வந்த மாதிரித்தாங்க இருந்துது. சத்தியமா. தெரு காலியா இருந்துது, அடுத்த நிமிஷம் கண்ணாடிக்கு முன்னால இருக்கார்." பிறகு திரையைக் கையால் காட்டினார். "நடுவுல இவ்வளவு நேரம் இருந்திருக்கு. இவ்வளவையும் நான் பாக்கல. அப்போ நான் தூங்கியிருக்கேன். முந்தின நாள் டிப்போவுல டபுள் டியூட்டி போட்டாங்க. கண்ணு அசந்திருக்கு, எனக்கே தெரியாம."

டபுள் டியூட்டி என்றதும் அதிகாரி மேசையைப் பார்த்துக்கொண்டார். "அதையெல்லாம் இங்க யாரும் கேக்கலப்பா. பத்திரிகையில வேகம் மட்டும்தான் இருக்கு."

"எழுதிக்குங்க சார்."

"லைசென்ஸ் போயிடும். தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான் சார். நான் தூங்கினதையும் எழுதிக்குங்க. டபுள் டியூட்டியையும்."

குமாஸ்தா அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வெகுநேரம் கழித்துத் தலையசைத்தார். பேனா காகிதத்தில் ஓடத் தொடங்கியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணனைக் காப்பாற்றப் போட்ட கணக்கு. என் கையாலேயே. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

அண்ணன் எழுந்து அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார். கையைக் கூப்பினார். அந்தப் பெண் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதுல ஏத்தித் தர முடியுமாம்மா? அவர்கிட்ட காட்டணும். நீ ஓடலய்யான்னு சொல்லணும்."

சரியான வேகத்தில் ஓடுவதையே ஏற்றிக் கொடுத்தேன்.