ஒரு எழுத்துக்கு ஒரு பேனா

வெர்னன் ஸ்டிடம் என்ற ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போடுவதென்றால் பதின்மூன்று பேனா வேண்டும். இங்கிலீஷில் எழுதும் பேரில் எழுத்துக்கு ஒன்று. போட்டு முடித்ததும் அந்தச் சட்டத்துக்காக அலைந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவான். அமெரிக்காவில் எல்லா ஆளுநர்களும் செய்வதுதான்.

அன்று பேனா வாங்க நின்றவர்கள் நிலக்கரிக் கம்பெனிக்காரர்கள். நுரையீரலில் கரி படிந்த தொழிலாளிக்கு உதவித்தொகை உண்டா இல்லையா என்று இனிமேல் கம்பெனி டாக்டரே சொல்வார். அதுதான் சட்டம். ஆறு வருஷத்துக்கு முன்னால், வெளி டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவனும் இதே வெர்னன்தான். ஒன்பது வருஷம் மண்டி போட்டுக் கரி வெட்டியவன். அப்புறம் சங்கம், சட்டசபை, இரண்டு தடவை ஆளுநர். இப்போது வாஷிங்டன் செனட்டுக்கு நிற்கிறான். கம்பெனி தயவில்லாமல் அந்தப் படி ஏற முடியாது.

உட்காரப் போனவன் வாசலைப் பார்த்து நின்றுவிட்டான். சர்ச்சுக்குப் போடும் கோட்டோடு, ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஹோபர்ட் ஸ்லோன் வந்துகொண்டிருந்தான். சுரங்கக் கூரை சரிந்த அன்று வெர்னனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தவன்.

செயலாளர் கார்லாவுக்கு முகம் வெளுத்தது. "சார், அழைப்பு பழைய சட்டத்துப் பட்டியல்லயே போயிடுச்சு. வெளிய உக்கார வைக்கட்டுமா?"

அதற்குள் ஹோபர்ட் வந்துவிட்டான். "டேய் வெர்ன்! என்னடா தொப்பை இது? இப்ப குழிக்குள்ள போனா பாட்டில்ல தக்கை மாதிரி அடைச்சுக்குவ."

கம்பெனிக்காரர்களும் சிரித்தார்கள்.

"நம்ம நுரையீரல் சட்டந்தானே? தொகையைக் கூட்டியிருக்கியா?"

ஹோபர்ட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேசை மேல் கிடந்தது அவனுக்கு வெறும் தாள்.

"கொஞ்சம் சரி பண்ணியிருக்கோம்" என்றான் வெர்னன்.

"அடுத்த மாசம் என் கேஸை மறுபடி பாக்குறாங்க. பயமில்லயே?"

"உக்காரு ஹோபர்ட். மூச்சு வாங்குது பாரு."

"நீ எழுதறப்ப நான் உக்காரவா? போடா."

வெர்னன் பேசுவதற்கு எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். பதின்மூன்று எழுத்தையும் எழுதினான். ஹோபர்ட்டின் கை தோளில் கனத்தது. கேமராக்கள் மின்னின. "எங்க... ஆளுய்யா... இவன்" என்று ஹோபர்ட் இழுத்து இழுத்துச் சொன்னான். பன்னிரண்டு பேனா கம்பெனிக்காரர்களுக்குப் போனது. கடைசிப் பேனாவுக்கு ஹோபர்ட் கையை நீட்டினான். வெர்னன் கொடுத்தான்.

இரண்டாம் நாள் ஹோபர்ட்டின் மனைவி ஈட்டா போன் செய்தாள்.

"பேப்பர்ல படம் நல்லா வந்திருக்கு வெர்னன். சட்டம் போட்டு மாட்டுங்கிறாரு. கீழ என்ன போட்டிருக்குன்னு நான் இன்னும் படிச்சுக் காட்டல."

வெர்னன் மேசை மேல் கிடந்த பேப்பரைக் கவிழ்த்து வைத்தான்.

"எனக்கு வாய் வரல. நீ வந்து சொல்லு."

"ஞாயித்துக்கிழமை வரேன், ஈட்டா."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கூட்டம் இருக்கும், கை குடுக்க வசதியா இருக்கும்னு பாக்கறியா? நாளைக்கு வா. தனியா வா."

அவள் வைத்துவிட்டாள். கார்லா எட்டிப் பார்த்து, "நாளைக்கு டைரியில என்ன போடட்டும் சார்?" என்றாள்.

வெர்னன் போனைக் கீழே வைத்தான்.

"கம்பெனிக்காரங்க விருந்து இருக்குல்ல" என்றான். "அதையே போடு."