சீறினால் முட்டை

எங்கள் வீட்டில் அந்த உடும்புக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. அதற்கு மைனர் என்று பேர் வைத்திருந்தார் என் வீட்டுக்காரர் வேலுமணி. எனக்கு அவர் வைத்த பேர்களை இங்கே எழுத முடியாது.

எருமப்பட்டிக்குத் தெற்கே எங்கள் சோளக்காட்டில் அவர் கோழிப்பண்ணை போட்ட வருஷம், கொட்டகைக்குக் கடைக்கால் தோண்டும்போது கையளவு குட்டியாக அது அகப்பட்டது. எலியும் பாம்பும் அண்டாது என்று சொல்லி வளர்த்தார். மூன்று வருஷத்தில் என் கை நீளத்துக்கு வந்துவிட்டது. வால் தனி. இடுப்பில் நைலான் கயிறு கட்டி, கொட்டகை வாசலில் இருந்த வேப்பமரத்தில் பிணைத்திருந்தார். அதைத் தாண்டாமல் முட்டை பொறுக்கப் போக வழியில்லை.

குட்டியாக இருந்தவரை சாது. பெரிதானதும் யார் பக்கத்தில் போனாலும் தொண்டையைப் புடைத்துக்கொண்டு சீறும். வாலைச் சுழற்றி அடிக்கும். என் கெண்டைக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. என் காலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஐந்து வயது மகள் கண்ணாத்தாள் நாள் முழுக்க என் சேலையைப் பிடித்துக்கொண்டு அதே வழியில்தான் நடப்பாள். அவள் விரல்கள் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது.

"இதக் கொண்டுபோய்க் கரட்டு மேட்டுல உட்ருங்க. புள்ளையக் கடிச்சுப்போடுமுங்க," என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன்!

"அது பாசமான சீவன் புள்ள. பசியில சத்தம் போடுது. இப்பப் பாரு," என்பார். கூடையிலிருந்து நல்ல முட்டையாக ஒன்றை எடுத்து நீட்டுவார். மைனர் ஓட்டோடு விழுங்கிவிட்டு வெயிலில் படுத்துவிடும். "பாத்தியா, அடங்கிருச்சு." முட்டை ஏற்ற வரும் லாரிக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. அவர்களைக் கிட்டப் போகச் சொல்லி, அது பாய்ந்ததும் முட்டையைக் கொடுத்து அடக்கிக் காட்டுவார். சர்க்கஸ்காரன் தோற்றான்.

அவருக்கும் கோபம் வரும். சோறு ஆறியிருந்தால் வரும், தீவன விலை ஏறினால் வரும், வெயில் அடித்தால்கூட வரும். கையை ஓங்கிக்கொண்டு எழுந்திருப்பார். நான் ஓடிப்போய் வெங்காயம் நிறைய அரிந்து போட்டு இரண்டு முட்டை பொரித்து வைப்பேன். தின்றதும் அடங்கிவிடுவார். அடி விழாத நாளில் என்னை நானே கெட்டிக்காரி என்று மெச்சிக்கொள்வேன். அது என் அம்மா சொல்லிக்கொடுத்த வித்தை. ஒரு தடவை தாங்க முடியாமல் அவள் வீட்டுக்குப் போனபோது, "ஆம்பளைன்னா அப்படித்தான் சாமி. வாய்க்கு ருசியாப் போடு, சரியாப் போயிரும்," என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

ஒரு நாள் அவர் தீவனம் வாங்க நாமக்கல் போயிருந்தார். கூடையோடு வந்த என்னைப் பார்த்து மைனர் சீறியது. எனக்கும் எரிச்சல். "போடா, உனக்குக் கெடையாது," என்று சொல்லிவிட்டுக் கயிறு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டேன். சீறியது, வாலால் மண்ணை அடித்தது, கயிறு அறுந்துவிடுமோ என்று நான் பயப்படும் அளவுக்குத் துள்ளியது. நான் நகரவில்லை. கடைசியில் அதற்கே அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டது. அது சும்மா கிடந்தபோதுதான் ஓர் உடைசல் முட்டையை அதன் பக்கம் உருட்டிவிட்டேன். அவர் இல்லாத நேரமெல்லாம் இப்படியே செய்தேன். கொஞ்ச நாளில் என்னைக் கண்டால் சீறுவதை விட்டுவிட்டது.

சந்தோஷம் தாங்காமல் அவரிடம் சொன்னேன். "அது சீறறப்ப நீங்க முட்டை குடுக்கறீங்க. சீறுனா முட்டை கெடைக்கும்னு அது படிச்சுக்குதுங்க. சும்மா இருக்கறப்பக் குடுங்க, அடங்கிரும்."

"எனக்கே சொல்லித் தாரியா நீ?" கை மேலே போனது.

"ரெண்டு முட்டை பொரிக்கட்டுங்களா?" என்று என் வாய் கேட்டது.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அவர் மைனருக்குக் கொடுத்ததையேதான் நான் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். புரிந்தும் என்ன, அடுப்படிக்குப் போய் முட்டையைப் பொரித்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் லாரி வந்தபோது, டிரைவர் முன்னால் வீரம் காட்ட வெறுங்கையை நீட்டினார். மைனர் கட்டைவிரலோடு சேர்த்துக் கையைக் கவ்வியது. விடவில்லை.

"முட்டை எடுத்தாடி! முட்டை!" என்று அலறினார். வாய் நிறையக் கையை வைத்திருப்பதற்கு முட்டையை எங்கே கொடுப்பது? பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் கடப்பாரையோடு ஓடி வந்து அதன் தலையில் அடித்தார். செத்த பிறகும் தாடையை நெம்பித்தான் கையை எடுக்க வேண்டியிருந்தது. கண்ணாத்தாள் என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளை தப்பித்தாள் என்று நினைத்தேன்.

"கடிச்சுப் பழகுனத ஊட்ல வெச்சிருக்கலாமுங்களா? மொதல்லயே அடிச்சிருக்கோணும்," என்றார் சின்னண்ணன். கூடியிருந்த அத்தனை பேரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். உடும்பு அடித்த என் காலைப் பார்த்தவர்கள்தான், வீங்கிய என் கன்னத்தையும் பார்த்தவர்கள்தான். கன்னத்தைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். இனி முட்டை பொரிப்பதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். அடித்தால் அடிக்கட்டும். வெறும் ரசத்தை ஊற்றினேன்.

"மனுசன் சாகக் கெடந்து வந்திருக்கறேன், நீ ரசத்த ஊத்தற?" தட்டு சுவரில் போய் விழுந்தது. கட்டுப் போடாத இடது கை ஓங்கியது. நான் நகரவில்லை.

கண்ணாத்தாள் எழுந்து ஓடினாள். மூலையில் முட்டை அடுக்கியிருந்த அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். எட்டி நின்றுகொண்டு, உடம்பைப் பின்னால் இழுத்து, கையை மட்டும் முழுசாக நீட்டினாள். மைனருக்கு அவர் நீட்டுவாரே, அதே மாதிரி.

"அப்பா, இந்தாங்க."

கை இறங்கியது. முட்டையை வாங்கிச் சுவரில் தட்டி வாயில் ஊற்றிக்கொண்டார். "எம்புள்ளைக்கு இருக்கற அறிவு உனக்கு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார்.

கண்ணாத்தாள் மறுபடியும் அட்டைக்குப் போனாள். இரண்டு முட்டைகளை எடுத்துப் பாவாடை மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டாள்.

"அது எதுக்கு சாமி?"

"அப்பா மறுக்கா வருவாங்கல்ல."

அவள் விரலுக்குப் பயந்து நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். கடி வேறு எங்கோ விழுந்திருந்தது. முட்டைகளைப் பிடுங்கி அட்டையில் வைத்தேன். வேண்டும் வேண்டும் என்று அழுதவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தேன். அம்மா வீட்டுக்கு இல்லை. ஆத்தூரில் சவ்வரிசி மில்லில் பொம்பளை ஆள் எடுக்கிறார்கள் என்று லாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் கண்ணாத்தாள் அழுகையை நிறுத்தி என் மடியில் சாய்ந்திருந்தாள். படியில் நின்ற யாரையோ கண்டக்டர் சத்தமாக அதட்டினார். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கை பாவாடை மடிக்குள் போய் முட்டையைத் தேடியது.