மூன்றாம் கட்டம்

அம்மாவின் சவப்பெட்டியை வண்டியில் ஏற்றப் போனவர்களை மகள் குறுக்கே நின்று தடுத்தாள்.

"ஏத்தாதீங்க. கீழ வைங்க."

"இன்டர்சேஞ்ச் பாலம் வரைக்கும் போய்ச் சுத்தி வரணும்மா. இப்பவே லேட்டு" என்றார் டிரைவர்.

"எதுக்குச் சுத்தணும்? இடுகாடு அதோ தெரியுது."

தெரிந்தது உண்மைதான். தெருக்கோடிக்கு எதிரே இடுகாட்டு மதில், பக்கத்தில் ஆஸ்பத்திரி. தெருவுக்கும் அவற்றுக்கும் இடையில் ஆறுவழி விரைவுச்சாலை. நேற்றுக் காலை அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷின்மேல் சாய்ந்தபோது, ஆம்புலன்ஸ் அந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கிளம்புவதை மகள் ஜன்னல் வழியாகவே பார்த்தாள். எதிர்த்திசையில் கிளம்பியது. சுற்றிக்கொண்டு அது வந்து சேர்ந்தபோது செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

துறைமுகத்திலிருந்து மில் வரை சாலையின் முதல் கட்டம் போட்டபோது இந்தத் தெருவுக்கு ஒரு தொல்லையும் இல்லை. இரண்டாம் கட்டம் ஏரிக்கு அந்தப் பக்கமாகப் போயிருக்க வேண்டும். அங்கே பெரிய மனிதர்களின் தோட்ட வீடுகள் இருந்ததால், சாலை ரொம்ப மரியாதையாக வளைந்து இங்கே வந்தது. கொதித்த தெருவைச் சமாதானம் செய்தவள் அம்மா. மகன் நெடுஞ்சாலை இன்ஜினியர். தெருக்கோடியில் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வரும் என்று வரைபடத்தில் வரைந்ததே அவன்தான். "எம்புள்ள வரைஞ்சது, வராம போயிடுமா?" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சாலைக்காகக் கொல்லைப்புறத்தை முதலில் விட்டுக்கொடுத்ததும் அவள்தான்.

செலவு எகிறியதும் சுரங்கப்பாதையை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளினார்கள். மூன்றாம் கட்டம் விமான நிலையம் வரை போய், திறப்பு விழாவும் முடிந்தது. பாதை மட்டும் வரவில்லை. யார் கேட்டாலும் அம்மா பிள்ளையை விட்டுக்கொடுக்காமல் "வரும், வரும்" என்பாள்.

"ரோட்டுக்குக் குறுக்க தூக்கிட்டுப் போலாம்" என்றாள் மகள்.

"பைத்தியமா உனக்கு?" அண்ணன் பதறினான். "அங்க ஆளுங்க காலே வைக்கக் கூடாது. சட்டம் இருக்கு."

"சுரங்கப்பாதைய பிளான்லேருந்து எடுத்தப்ப உன் சட்டம் எங்க போச்சு?"

"நான் எடுக்க வேணாம்னுதான் சொன்னேன். மேல இருக்கறவங்க கேக்கல."

"வராதுன்னு எப்பத் தெரியும் உனக்கு?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "ரெண்டாம் கட்டம் முடியறப்பவே."

"அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

அண்ணன் பெட்டியின் பக்கம் திரும்பினான்.

"சாகற வரைக்கும் உனக்காக இந்தத் தெருவுக்கே பதில் சொல்லிட்டிருந்தாங்களே அண்ணே!"

எதிர்வீட்டு வெல்டர் உள்ளே போய் இரும்பு அறுக்கும் மெஷினோடு வந்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சாலையோர வேலியை நோக்கி நடந்தார். நான்கு பேர் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார்கள். மகளும் ஒரு பக்கம் தோள் கொடுத்தாள்.

வேலி அறுந்து விழுந்ததும் அண்ணன் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னே ஓடினான். சாலை நடுவில் நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினான். ஒரு லாரி கிறீச்சிட்டு அவனுக்கு ஓரடி முன்னால் நின்றது. அதன் பின்னால் ஒவ்வொரு வண்டியாக நின்றது. நடுச்சுவருக்கு மேலாகப் பெட்டி கைமாறியது. அண்ணன் அடுத்த பக்கத்துக்குத் தாவி அதையும் நிறுத்தினான். வெல்டர் அந்தப் பக்கத்து வேலியை அறுத்தார். மகள் அண்ணன் முகத்தைப் பார்க்காமலே அவனைக் கடந்தாள்.

இடுகாட்டு வாசலில் பெட்டியை இறக்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. ஒரு லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் போயிட்டாங்க சார், வழி விடுங்க!" என்று கத்தினார்.

அண்ணன் கைகளை இறக்கவில்லை.