கம்பத்துக்குக் கம்பம்

பாண்டிச்செல்வி எட்டு வருஷமாக ஓடுகிறாள். எம். புதுப்பட்டியில் அவளும் தங்கை சினேகாவும் மட்டும்தான் வீட்டில். பட்டாசுக் கம்பெனி வேன் வருவதற்குள் பத்து கிலோமீட்டர் ஓடி முடித்துவிடுவாள். வேகம் கூடாது, குறையாது. பந்தயங்களில் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வருவாள். அதற்கு மேல் ஏறியதே இல்லை.

"ஒரே வேகத்துல ஓடுனா உடம்பு அதுக்கே பழகிரும். கொஞ்ச தூரம் விரட்டி ஓடு, கொஞ்ச தூரம் மெதுவாப் போ" என்றாள் ஹெப்சிபா. அவள் நர்ஸ், ஓட்டத்தில்தான் இருவருக்கும் பழக்கம்.

சித்திரையில் பந்தயம். மாசி பிறந்ததும் வெம்பக்கோட்டைச் சாலையில் ஆரம்பித்தார்கள். ஒரு கரண்டு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை முழு வேகம், அதற்கடுத்தது வரை மெதுவோட்டம்.

மூன்றாவது விரட்டலிலேயே செல்விக்கு நெஞ்சை அடைத்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்று மூன்று வாரம் விடாமல் ஓடிப் பார்த்தாள். ஹெப்சிபா முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஒருநாள் செல்வி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து துப்பினாள். எச்சில் சாம்பல் நிறத்தில் இருந்தது.

ஹெப்சிபா அன்றைக்கே அவளை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்த டாக்டர், "நுரையீரல் பாதிதான் வேலை செய்யுது. மெதுவா ஓடுனதால இத்தனை நாள் தெரியல. இனி பட்டாசு மருந்துத் தூசியில இருக்கக் கூடாது" என்றார்.

செல்விக்கு எட்டு வருஷமாகப் பூச்சட்டிப் பட்டாசில் மருந்து அடைக்கிற ரூமில் வேலை. ஃபோர்மேன் இருளாண்டியிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, பேக்கிங்குக்கு மாத்தி விடுங்க."

"எட்டு வருஷம் நல்லாத்தானே இருந்தே? கண்டபடி ஓடிக் கெடுத்துக்கிட்டு இங்கன வந்து நிக்கிறயாக்கும்?"

மறுநாள் ஒரு தாளை நீட்டினார். ஓட்டப் பயிற்சியால் உடம்பு கெட்டு, தானாகவே வேலையை விட்டு நிற்பதாக அதில் எழுதியிருந்தது.

"போடு கையெழுத்தை. ஒன் தங்கச்சிக்கு அந்த இடத்தைக் குடுக்கச் சொல்றேன்."

"அவளை அந்த மருந்து ரூமுக்குள்ள விடமாட்டேன்" என்று தாளை அவர் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு வேன் அவளை ஏற்றவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் சினேகா சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்டே?"

"இருளாண்டி அண்ணாச்சி வரச் சொன்னாரு. ரெண்டு பேரும் சும்மா ஒக்காந்திருந்தா அடுப்பு எரியுமாக்கா?"

"எந்த ரூம்ல? மருந்து ரூம்லயா?"

வேன் வந்தது, சினேகா ஏறிக்கொண்டாள். செல்வி பின்னாலேயே ஓடினாள். உடம்பில் இருந்த வேகத்தையெல்லாம் கூட்டி ஓடினாள். தெரு முனை தாண்டுவதற்குள் கண் இருட்டி, டீக்கடைப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூப்பிடக்கூட மூச்சு இல்லை.

சித்திரைப் பந்தயத்தில் ஹெப்சிபா இரண்டாவதாக வந்தாள். பதக்கத்தைக் காட்ட வீட்டுக்கு வந்தபோது, "நீ விரட்டி ஓடச் சொன்னே, இப்ப என் தங்கச்சி மருந்து ரூம்ல இருக்கா" என்று உள்ளேயிருந்தே சொன்ன செல்வி கதவைத் திறக்கவில்லை.