அத்தையின் வியர்வை

துடுக்கன் ஓடினால் அத்தைக்கு வியர்க்கும். துடுக்கன் மூன்று வயதுப் பந்தயக் குதிரை. அத்தை அவனுக்குத் துணையாகக் கட்டப்பட்டிருந்த இருபத்தொரு வயதுப் பெண்குதிரை. ஓடுதளம் லாயத்துக்கு மேற்கே அரை மைல் தள்ளி, மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே அவன் இரண்டு சுற்று பாய்ந்துவிட்டு, மேல்மூச்சு வாங்காமல், உலர்ந்த உடம்போடு திரும்பி வருவான். இங்கே கொட்டடியில் நின்ற இடத்திலேயே நின்ற அத்தையின் கழுத்திலிருந்தும் விலாவிலிருந்தும் நுரை வழிந்து மணலில் சொட்டியிருக்கும். மழைக்காலம் முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை இது தொடங்கியது. பயிற்சிக்காரிக்கு அந்த வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

துடுக்கனுக்குத் தனியாக இருக்கத் தெரியாது. குதிரைகள் பொதுவாகவே அப்படித்தான். ஒன்று விழித்துக் காவல் நின்றால்தான் மற்றது காலை நீட்டிப் படுக்கும். தனியாக விட்டால் தூங்காது. தூங்காத குதிரை தின்னாது, தின்னாத குதிரை ஓடாது. அதனால்தான் பந்தய லாயங்களில் துணைக்கு ஒரு ஆட்டையோ கழுதையையோ வயதான குதிரையையோ கட்டுகிறார்கள். அத்தை வந்து இறங்கிய அன்றே வைக்கோலை முகர்ந்து மூக்கைச் சுளித்தாள், தண்ணீரை முகர்ந்து முகத்தைத் திருப்பினாள். விசேஷ வீட்டுக்கு வந்து எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிக்கும் அத்தைகள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பதால் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. துடுக்கனோ அன்று அவள் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டான்.

அத்தைக்கு வந்தது குளம்பு அழற்சி. குதிரையின் குளம்பு வெறும் நகம்தான். அதற்குள்ளே கால் எலும்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. எதைப் பிடித்துத் தொங்குகிறது என்றால், இரண்டு நோட்டுப் புத்தகங்களின் தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் எப்படி இறுகிக்கொள்ளுமோ, அப்படி எலும்பின் மேலும் குளம்பின் உட்புறமும் மெல்லிய மடிப்புகள் கோத்துக்கொண்டிருக்கின்றன. சூடு ஏறினால் தாள்கள் நழுவும். எலும்பு கீழே இறங்கும். மருத்துவர் நான்கு விஷயங்கள் சொன்னார்: ஆழமான மணல் படுக்கை, ஊறவைத்த காய்ந்த புல், வீக்கம் ஏறும்போது முழங்கால்வரை ஐஸ் தண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலே ஓய்வு. எலும்பு இன்னும் ஒரு நெல்லளவு இறங்கினாலும் ஊசி போட்டு அனுப்பிவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

மருத்துவர் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் வந்தார். பயிற்சிக்காரி துடுக்கனின் வேகப் பாய்ச்சலைச் செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வைத்தாள். இடையில் கிடைக்கும் நாட்களில் அத்தை காய்ந்து, மூச்சு ஆறி, கொஞ்சம் தேறி நிற்பாள். "நேத்து லேசா காய்ச்சல் மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்று பயிற்சிக்காரி சொல்லுவாள். அவர் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார். இந்த ஏற்பாட்டை அவள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, மேலே "இரண்டு பேரையும் கவனிக்கும் அட்டவணை" என்று தலைப்பு வைத்திருந்தாள். பாய்ச்சல் முடிந்ததும் அத்தையைத் துண்டால் துடைத்து, நாற்பது நிமிடம் ஐஸ் வாளியில் காலை வைத்துப் பிடித்து, காதைத் தடவி, பெற்ற மகளுக்குக்கூடச் செய்யாத பணிவிடையெல்லாம் செய்வாள். செய்யச் செய்ய மனசு லேசாக வேண்டும், ஆகவில்லை. பத்தொன்பது வருடத் தொழிலில் அவள் பழக்கிய ஒரு குதிரைகூட முதலாவதாக வந்ததில்லை. துடுக்கனோ களைப்பே தெரியாமல் வாரத்துக்கு வாரம் நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

கண்டுபிடித்தது அவள் கணவர். லாடம் அடிப்பவர். ஐந்து வாரத்துக்கு முன்பு இரண்டு குதிரைக்கும் ஒரே நாளில் புது லாடம் அடித்திருந்தார். இப்போது கழற்றி, இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இது அவனோடது. நேத்து அடிச்ச மாதிரி பளபளங்குது. இது அத்தையோடது. தேஞ்சு தகடாயிடுச்சு. மணல்ல நிக்கற குதிரை எது மேல ஓடி இதைத் தேய்ச்சுது?"

"பந்தயத்துக்கு இன்னும் பதினோரு நாள்தாங்க இருக்கு."

"நான் கேட்டது அது இல்லையே."

அவள் முதல் வாரத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை, லாடத்தைப் பார்த்த பிறகு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. "அவகிட்ட கேட்டியா?" என்றார்.

"யார்கிட்ட?"

"அத்தைகிட்டதான். ஓடறது அவதானே."

பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்றால், துடுக்கன் இந்த முறை ஓடாவிட்டால் உரிமையாளர் அவனைப் பெரிய லாயம் ஒன்றுக்கு மாற்றிவிடுவார் என்று அவள் நம்பினாள். துணையில்லாமல் அவன் பட்டினி கிடந்தே செத்துப்போவான். உரிமையாளர் அப்படி எதுவும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. பதினோரு நாளும் துடுக்கனை நடக்க மட்டும் விட்டாள். பந்தயத்தன்று கணவரோடு அவனை வண்டியேற்றிவிட்டு, சவாரி செய்யும் ஜாக்கியிடம், "சாட்டை வேண்டாம்பா" என்றாள். "சரிங்கக்கா, பார்வைக்குக் கையில வெச்சுக்கறேன்" என்றான் அவன். அவள் லாயத்திலேயே தங்கினாள். பந்தயத்துக்குப் போகாத பயிற்சியாளரை அந்தப் பக்கத்தில் யாரும் அதுவரை கண்டதில்லை.

பந்தயம் தொடங்கும் மூன்று பத்துக்கு அத்தை தலையைத் தூக்கினாள். நான்கு கால்களும் ஐஸ் வாளிகளில் இருந்தன. தொடைத் தசைகள் அலையடித்தன, கழுத்து நனைந்தது. முழுப் பாய்ச்சலில் குதிரை ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு விடும். குடல் முன்னும் பின்னும் ஆடி நுரையீரலைத் துருத்தி போல அமுக்குவதால் வேறு மாதிரி விடவும் முடியாது. ஆகவே மூச்சை எண்ணினால் தாவலை எண்ணியதாகும். பழக்க தோஷத்தில் பயிற்சிக்காரி நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கி எண்ணத் தொடங்கினாள். வளைவு வந்தபோது அத்தை இடது பக்கம் சாய்ந்தாள். நேர்ப்பாதை வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் துடுக்கன் இதுவரை எந்தக் குதிரையும் அங்கே ஓடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வாளியில் ஐஸ் உருகிக் கதகதப்பாகிக்கொண்டிருந்தது. அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிற்பாடு எத்தனையோ தரம் யோசித்தும் அந்தச் சில நொடிகளுக்கு அவளால் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அத்தையின் விலாவில் சாட்டை பட்டது போல ஒரு தடிப்பு எழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அத்தை கனைக்கவில்லை. தலையைத் திருப்பி, வைக்கோலைப் பார்ப்பதைப் போல அவளைப் பார்த்தாள்.

பயிற்சிக்காரி கடிகாரத்தைக் கீழே போட்டாள். அத்தையின் காதோடு வாயை வைத்து, வேலை முடிந்தது என்று குதிரைகளுக்குச் சொல்லும் நீளமான "ஹோ... ஓ..." சொன்னாள்.

பந்தயத் திடலில் இரண்டு குதிரை நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்த துடுக்கன், கோட்டுக்கு நூற்றைம்பது மீட்டர் இருக்கும்போது பாய்ச்சலைக் குறைத்தான், ஓட்டத்துக்கு வந்தான், நடந்தான், நின்றான். மற்ற எட்டும் கடந்து போகும்வரை வேலியோரப் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு பெண்மணி தன் முழங்கை அருகே நின்று "ஹோ" சொன்னதாக ஜாக்கி நடுவர்களிடம் சொன்னான். அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் உரிமையாளர் வந்தார். அவள் அட்டவணை நோட்டை நீட்டி, ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தார்.

"முதல் வாரமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தப் பந்தயமே வேண்டாம்னு சொல்லியிருப்பேனேம்மா" என்றார். திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் இரண்டு குதிரைகளையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

மருத்துவரிடமும் அவள் சொன்னாள். அவர் சீட்டில் "காய்ச்சல்" என்றிருந்த இடங்களை அடித்துவிட்டு "ஓட்டம்" என்று திருத்தினார். எலும்பு அதற்குமேல் இறங்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை நான்கு வருடம் இருந்தாள். அந்த நான்கு வருடமும் துடுக்கன் ஓடாமல் நடக்க மட்டும் செய்தான். ஒரு சாதாரண மத்தியானத்தில், முதுமையால், அத்தை மணலில் படுத்து எழுந்திருக்கவில்லை. துடுக்கனுக்குத் துணையாக ஒரு கழுதை வந்தது.

அடுத்த வாரம் பயிற்சிக்காரி கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியது. நெற்றியிலிருந்து தாடைவரை வழிந்தது, மூச்சு இரைத்தது.

"என்னக்கா, இப்படி வேர்க்குது? உடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இல்லப்பா. மேய்ச்சல்ல குதிரை ஓட ஆரம்பிச்சிருக்கு."

"நல்லா ஓடட்டும். அரை கிலோ போதுமா?"

அன்றிலிருந்து, துடுக்கன் மேய்ச்சலில் ஓடும் காலை பதினோரு மணிக்கு அவள் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. நிழலில் நாற்காலி போட்டு, ஒரு துண்டும் ஒரு செம்புத் தண்ணீருமாக உட்கார்ந்துவிடுவாள். "ஹோ" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அவளைத் தேடி வருபவர்கள் மூச்சு ஆறட்டும் என்று சற்றுத் தள்ளி நிற்பார்கள். பிறகு வந்து, வந்த விஷயத்தைப் பேசுவார்கள்.