கடைசியாக நனையும் கை

“முதல்ல பாப்பா கை கழுவட்டும், மாமா.”

சொல்லி முடித்த பிறகுதான் மருமகளுக்கே அது உறைத்தது. அலுமினிய பேசினில் கையை விடக் குனிந்த மாமனார் அப்படியே நின்றார்.

அந்த வீட்டில் கை கழுவ ஒரு வரிசை உண்டு. வயலிலிருந்து வந்ததும் ஒரே பேசினில் முதலில் மாமனார், பிறகு புருஷன், கொழுந்தன், மாமியார். கடைசியில்தான் அவளும் குழந்தையும். அதற்குள் தண்ணீர் குழம்பாகியிருக்கும். ஆண்கள் வெறுங்கையால் பாத்தியில் வாரி இறைத்துவிட்டு வருவது கக்கூஸ் தொட்டி அள்ளும் லாரி கொட்டிவிட்டுப் போன எரு. ஒரு மைல் நடந்து தண்ணீர் சுமப்பவள் அவள்; கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் அந்தப் பேசினின் தெளிந்த தண்ணீரில் அவள் கை நனைந்ததே இல்லை.

நேற்று குழந்தை வாந்தி எடுத்தாள். அதில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகப் புழு நெளிந்தது. போன வருஷம் மூத்த மகளுக்கும் இப்படித்தான். வயிறு உப்பி, குடல் அடைத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே அடங்கிவிட்டாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பேசி முடித்துக்கொண்டார்கள்.

“மாத்திரை குடுத்துட்டேன். ஆனா அழுக்குத் தண்ணியில கை முக்கினா மறுபடியும் வரும்மா. சோப்புப் போட்டு, ஊத்திக் கழுவுங்க. வீட்ல எல்லாரும்,” என்று காலையில் ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“நானே ஊத்துறேன் மாமா. ஆளுக்கு ஒரு சொம்பு போதும்.” பேசிக்கொண்டே குழந்தையின் விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினாள்.

“நர்ஸம்மா சொன்னாளாம், இவ ஆடுறா. நாங்கள்லாம் புழு வந்து செத்தா போனோம்?” என்றாள் மாமியார்.

மூத்தவளைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

“பொட்டப்புள்ள கழுவி முடிக்கிறவரைக்கும் நான் காத்துக் கெடக்கணுமா?” மாமனார் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தார். புருஷன் சொம்பைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், அவனும் துடைத்துக்கொண்டான்.

“அண்ணி, அந்த சோப்பால மொதல்ல அப்பாவோட கோவத்தைக் கழுவுங்க பாப்போம்,” என்று கொழுந்தன் சிரித்தபடி உட்கார்ந்தான்.

மாமனார் சாப்பாட்டைப் பிசைந்தார். நகங்களில் கறுப்பு. முதல் கவளத்தை உருட்டிப் பேத்தியிடம் நீட்டினார். பாசம்தான், அதில் பொய் இல்லை. மூத்தவளுக்கும் இதே கையால்தான் ஊட்டினார்.

“வாடி என் தங்கம். ஆ காட்டு.”

குழந்தை வாயைத் திறந்தாள்.

மருமகள் தன் ஈரக் கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

“கையை எடு,” என்றார் அவர்.

அவள் எடுக்கவில்லை.