டார்ச் எடுத்த படம்

மார்பகத்துக்குள் ஒளியைச் செலுத்திப் படமெடுக்கும் கருவி ஒன்றை என் கணவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால்கூட, அவரோடு வேலை செய்யும், 'டார்ச்' என்று அவர் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் பெண் என்ன சொன்னாள் என்பதுதான் பேச்சு. சோதனைக்கு முதலில் படுத்தவளே அவள்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்போ அவ படத்தை நீங்க பார்த்தீங்களா?"

"அதுல ரத்தமும் கொழுப்பும்தான்டி தெரியும்!"

"அப்படின்னா என்னையும் எடுங்க."

மறுநாளே போய்ப் படுத்தேன். டார்ச், அறை விளக்கை அணைத்துவிட்டு, கருவியை மெல்ல நகர்த்தினாள். முடித்த பிறகும் இடப்பக்கம் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வைத்தாள்.

"எத்தனை தடவை பார்ப்பே? அவர்கிட்ட சொல்லிச் சிரிக்கவா?"

அவள் கோபப்படவில்லை. "அக்கா, இங்க மட்டும் ரத்தம் கூடுதலா காட்டுது. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். ஆனா இன்னிக்கே டாக்டரைப் பார்த்துடுங்க. சாரைக் கூப்பிடட்டுமா?"

கதவுக்கு வெளியே அவர் நடைபோடும் சத்தம் கேட்டது. அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை நினைத்து இத்தனை நாள் பொருமியவள் நான். இருட்டில் அவள் கையைத் தேடிப் பிடித்தேன்.

"வேண்டாம், அவர் என்னைவிட பயந்துடுவார். முதல்ல நாம ரெண்டு பேரும் போயிட்டு வருவோம்."